பி.எம்.ஐ. பார்த்து கார்போவைக் குறைக்கலாமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டி பக்கத்திலிருந்து எழுதுகிறேன் டாக்டர். வீட்டோடு சேர்ந்த வெள்ளிக் கொலுசுப் பட்டறை. எனக்கு வயது 46, உயரம் 155 செ.மீ., எடை 64 கிலோ. மூன்று மாத சராசரி சர்க்கரை 5.9, "எல்லையில் இருக்கு" என்றார்கள். வீட்டுக்காரருக்கு 53 வயது, 166 செ.மீ., 76 கிலோ. எட்டு வருடமாகச் சர்க்கரை. போன மாதம் எடுத்ததில் சராசரி 8.4. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், பி.பி.க்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். மகனுக்கு 25 வயது, 172 செ.மீ., 121 கிலோ. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. சர்க்கரை இல்லை, ஆனால் பயங்கரமாகக் குறட்டை விடுகிறான். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அட்டவணை வந்தது. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 30 வரை இருந்தால் தினம் 200 கிராம் கார்போ, அதாவது மாவுச்சத்து, 30 முதல் 35 வரை 100 கிராம், 35-க்கு மேல் போனால் 20 கிராம்தான் என்று போட்டிருந்தது. அதன்படி எங்கள் இருவருக்கும் 200, மகனுக்கு 20. மகனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 20 கிராமுக்கே வருகிறேன் என்கிறார். அட்டவணை சரியா? ஒரே அடுப்பில் மூன்று விதமாக எப்படிச் சமைப்பது? ஏற்காட்டில் இருக்கும் நாத்தனார் சாமை அனுப்புகிறார். அரிசிக்குப் பதில் சாமையும் ஜவ்வரிசியும் வைத்துக்கொண்டால் போதாதா? நாள் முழுக்க மூவரும் என்ன சாப்பிடுகிறோம் என்பதைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அட்டவணையைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் வீட்டுக்காரரின் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடுங்கள். இந்தப் பதில் உங்கள் கண்ணில் படுவதற்குள் அவர் தொடங்கிவிட்டிருந்தால், மாத்திரைச் சீட்டோடு நாளைக்கே அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போகட்டும்.

காரணம் அவர் சாப்பிடும் மாத்திரைகளில் இருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து. நல்ல மருந்துதான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு தருவது. ஆனால் அதைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலப் பொருள்களை அளவுக்கு மீறி உண்டாக்கி, இரத்தம் அமிலமாக மாறிவிடும் அபாயம் உண்டு. பொதுவாக இந்த நிலை வரும்போது குளுக்கோமீட்டர் 300, 400 என்று காட்டிக் கொடுத்துவிடும். இந்த மாத்திரையில் இருப்பவருக்கு 200-க்குக் கீழேகூடக் காட்டலாம். "சர்க்கரை நல்லாத்தானே இருக்கு" என்று வாந்திக்கும் வயிற்று வலிக்கும் சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். வாந்தி, வயிற்று வலி, வேகமாக மூச்சு வாங்குவது, இதுவரை இல்லாத அசதி, இவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய் மாத்திரையின் பெயரைச் சொல்லி, இரத்தக் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளிமிபிரைடு செய்வது வேறு வேலை. நீங்கள் சோறு போட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைத்துவிடும். பாதிச் சோற்றுக்கு முழு மாத்திரை போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். உங்கள் வீட்டுக்காரர் பகல் முழுக்கப் பத்தவைக்கிற நெருப்புக்கு முன்னால் உட்காருகிறவர். அந்த நடுக்கம் பட்டறையில் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் உடம்பு தண்ணீரையும் உப்பையும் நிறைய வெளியே விடும், பி.பி. இறங்கும். டெல்மிசார்டனும் சேர்ந்துகொண்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். ஆக, சாப்பாட்டைக் குறைக்கிற அன்றே மாத்திரையும் மாற்றி எழுதப்பட வேண்டும். எதை எவ்வளவு குறைப்பது என்பது அவருடைய டாக்டரின் முடிவு. கடையில் கேட்டு மாற்றுகிற விஷயமே இல்லை.

இப்போது அட்டவணைக்கு வருகிறேன். அதில் என்ன குறை என்றால், அது ஒரே ஓர் எண்ணைத்தான் கேட்கிறது. சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை, சிறுநீரகம் எப்படி, இடுப்புச் சுற்றளவு என்ன, எதையும் கேட்கவில்லை. உங்கள் வீட்டு மூன்று பேரையும் அதில் போட்டுப் பாருங்கள். உங்கள் பி.எம்.ஐ. 26.6, அவருக்கு 27.6, மகனுக்கு 41. மாவுச்சத்தைக் குறைப்பதால் உடனடியாக அதிகப் பலன் பெறப்போகிறவர் உங்கள் வீட்டுக்காரர்; அவருக்கு அட்டவணை தாராளமாக 200 தருகிறது. சர்க்கரையே இல்லாத பையனுக்கு 20 என்று கையைக் கட்டுகிறது. பருமனின் அளவு சொல்வது, எவ்வளவு எடை குறைந்தால் உடம்பு நிம்மதியாகும், எவ்வளவு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்பதை. சோற்றை எவ்வளவு குறைக்கலாம் என்பதை முடிவு செய்வது சர்க்கரை, இடுப்பு, மாத்திரைச் சீட்டு, இப்போது தட்டில் இருக்கிற அளவு, இவையெல்லாம் சேர்ந்துதான்.

பி.எம்.ஐ. கணக்கு 1830-களில் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணித அறிஞர் போட்டது. மக்கள்தொகையின் சராசரி மனிதனைக் கணிக்கப் போட்ட சூத்திரம். நோயாளியைப் பார்க்கப் போட்டது அல்ல. நம்மவர்களிடம் அது எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு படம் உண்டு. 2004-ல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் போட்டார்கள். ஒருவர் புணேயின் யாக்னிக், மற்றவர் லண்டனின் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சுப் பிசகாமல் 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. எடை ஒன்று, உள்ளே இருக்கிற சரக்கு வேறு. இதனால்தான் வெளிநாட்டில் 30-ல் தொடங்கும் பருமன், இந்தியருக்கு 25-லேயே தொடங்குவதாக 2009-ல் நம் மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்றும் சொன்னார்கள். உங்கள் கடிதத்தில் மூவரின் இடுப்பு அளவும் இல்லை. தையல் டேப்பைத் தொப்புளுக்குச் சற்று மேலே, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை விட்டபின் அளந்துகொள்ளுங்கள். பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். ஆண்கள் தொப்பைக்குக் கீழே பேன்ட் போட்டுக்கொண்டு 34 என்று சத்தியம் செய்வார்கள்.

"ஆளுக்கேற்ற டயட்" என்பதைச் சோதித்துப் பார்க்காமல் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாவுச்சத்தையும் மறு பிரிவுக்குக் கொழுப்பையும் ஒரு வருடம் குறைத்தார்கள். முடிவு 2018-ல் வந்தது. பி.எம்.ஐ. 28 முதல் 40 வரை உள்ளவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ இழந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. மரபணுவைப் பார்த்தோ, இன்சுலின் சுரப்பைப் பார்த்தோ "இவருக்கு இந்த டயட்" என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்றும் பார்த்தார்கள். முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 30 கிலோ போல இறங்கியவரும் உண்டு, 10 கிலோ போல ஏறியவரும் உண்டு. மாவுச்சத்துப் பிரிவினர் தினம் 20 கிராமில்தான் தொடங்கினார்கள். வருடக் கடைசியில் சராசரி 130 கிராம் பக்கத்தில் வந்து நின்றது. கூடவே வகுப்பு, ஆலோசகர் எல்லாம் இருந்தும் அப்படி. இட்லி மாவு அரைக்கிற வீட்டில் 20 எத்தனை நாள் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள். ஓர் இட்லியில் 12 கிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 10. பொரியலுக்குப் போட்ட வெங்காயம், தக்காளியைச் சேர்த்தால் 20 முடிந்தது.

உங்கள் வீட்டுக்காரரின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். சர்க்கரை போட்ட காபி, டீ மூன்று முறை, 45 கிராம். காலையில் ஐந்து இட்லி, 60. பதினோரு மணிக்கு நாலு பிஸ்கட், 20. மதியம் நீங்கள் எழுதிய அளவுப்படி சோறு 400 கிராம் இருக்கும்; 100 கிராம் சோற்றுக்கு 28 என்று வைத்தால் 112. சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல் 25. சாயங்காலம் பட்டறைக்கு வரும் தட்டுவடை செட், சுமார் 30. இரவு மூன்று சப்பாத்தியும் குருமாவும் 60. மொத்தம் 350 கிராம். அதாவது ஒரு நாளில் 1,400 கலோரி மாவிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் மட்டுமே. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இந்தியர்களின் சராசரிச் சாப்பாட்டில் அறுபது சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்துதான். கவலைப்பட வைத்தது வேறொன்று: அந்தத் தாளில் புரதம் என்று சொல்லத்தக்கது சாம்பாரில் கரைந்திருந்த பருப்பு மட்டுமே. ஞாயிற்றுக்கிழமைக் கறி தவிர, வாரம் முழுக்க ஒரு முட்டைகூட இல்லை. நாமக்கல் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது!

அவருக்கு என் ஆலோசனை, இரண்டு படியாக இறங்குவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வுக்குழு 18,090 பேரின் சாப்பாட்டை வைத்துக் கணக்கிட்டு 2022-ல் சொன்னது இது: சர்க்கரை புதிதாக வந்தவர்கள் மீண்டு வர, மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதத்துக்கும், புரதம் 19, 20 சதவீதத்துக்கும் வர வேண்டும். அவருக்கு அது 220 முதல் 250 கிராம் என்று வரும். அது முதல் படி; அதைத் தொடங்கும் முன்பே மாத்திரை அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை, பிஸ்கட், தட்டுவடை செட் மூன்றையும் எடுத்துவிட்டு, மதியச் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்தாலே அந்த இடத்துக்கு வந்துவிடுவார். இரண்டு வாரம் அங்கே இருந்து, காலை வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையை எழுதி வைத்து, அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டட்டும். கிளிமிபிரைடைக் குறைத்த பிறகுதான் இரண்டாவது படி, 150 கிராம். சர்க்கரையில்லாத காபி, டீ 15. இரண்டு இட்லி 24, கூடவே இரண்டு அவித்த முட்டை. மதியம் ஒரு டம்ளர் சோறு 42. 200 மில்லி டம்ளரில் அழுத்தாமல் அள்ளினால் 150 கிராம் வரும். சாம்பார், இரண்டு பங்கு பொரியல் 25. சாயங்காலம் ஒரு கப் சுண்டல் 20. இரவு ஒரே ஒரு சப்பாத்தி, கோழியோ பன்னீரோ மேட்டூர் மீனோ, காய், எல்லாம் 27. கூட்டினால் 153. எட்டு வருடச் சர்க்கரைக்கு இது முழு விடுதலை தரும் என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை நோயாளிகளுக்கு மாவுச்சத்தைக் குறைத்த 23 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2021-ல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் பலன் நன்றாகத் தெரிந்தது, ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது. ஆட்கள் பழைய தட்டுக்குத் திரும்பியதும் ஒரு காரணம். அதனால்தான் 20-ல் குதிக்காமல், ஐந்து வருடம் கழித்தும் அவர் சாப்பிடக்கூடிய 150-ல் நிறுத்துகிறேன். புரதத்தைக் கூட்டுவதற்கு முன் சிறுநீரகத்தின் நிலை தெரிய இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 150 கிராமில் இருந்தாலும், காய்ச்சல், வாந்தி, முழுநாள் விரதம் வரும் நாட்களில் டாபாகிளிஃப்ளோசினை நிறுத்திவைக்க வேண்டுமா என்பதை டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆடி மாதம் சேலத்தில் விரதம் இல்லாத வீடு எது?

மகன் விஷயத்துக்கு வருகிறேன். "தின்னு தின்னே இப்படி ஆயிட்டான்" என்று தாளில் எழுதியிருக்கிறீர்கள். உடல் எடையில் பரம்பரையின் பங்கு 40 முதல் 70 சதவீதம் வரை இருக்கும் என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. 121 கிலோ உள்ள பிள்ளைக்குத் தன் எடை தெரியாமல் இருக்காது; தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதை நினைவூட்டினால், கதவைச் சாத்திக்கொண்டு ஆர்டர் போட்டுச் சாப்பிடுவான். அவனுடைய தாளை நீங்கள் நிரப்பியிருக்கிறீர்கள், அவன் நிரப்பவில்லை. அதனால் இரவுப் பட்டியல் விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதிலேயே தினம் ஒரு 600 மில்லி கோலா இருக்கிறது. அந்தப் பாட்டிலில் மட்டும் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு பரோட்டாவில் 40 கிராம் பக்கம். அவன் மூன்று சாப்பிடுகிறான்.

பருமனின் அளவு உண்மையிலேயே கணக்கில் வருவது அவனுக்குத்தான், ஆனால் கார்போ கிராமில் அல்ல. 41 என்ற பி.எம்.ஐ.க்கு இலக்கு பெரியது. 5 சதவீதம் குறைந்தால் உங்கள் வயதில் நல்ல மாற்றம் தெரியும். அவனுக்குக் குறைந்தது 10 முதல் 15 சதவீதம் குறைய வேண்டும். 12 முதல் 18 கிலோ, ஒரு வருடத்தில். அப்போதுதான் குறட்டைக்கும் முழங்காலுக்கும் கல்லீரலுக்கும் நிம்மதி. இப்போதைய எடையில் உட்கார்ந்தே வேலை பார்த்தாலும் அவன் உடம்பு தினம் 2,600 கலோரி போலச் செலவழிக்கிறது. 2,000-த்துக்குக் கொண்டுவந்தால் பட்டினி இல்லாமலே இறங்கும். அதில் மாவுச்சத்து 150-ஆ 200-ஆ என்பது இரண்டாம் பட்சம். கோலாவும் பரோட்டாவும் போய், தினம் 90 முதல் 100 கிராம் புரதம் வருகிறதா என்பதுதான் முதலில்.

மாவுச்சத்தை 20 கிராம் போல ஒடுக்கும் கீட்டோ டயட் இருக்கிறேன் என்று அவனாகக் கேட்டால் நான் தடுக்க மாட்டேன். அவனுக்குச் சர்க்கரை மாத்திரை எதுவும் இல்லை, ஆபத்தும் குறைவு. சிலருக்குக் கீட்டோவில் பசி அடங்கும். அது உண்மையான உதவி. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். தொடங்கும் முன்பும் மூன்றாம் மாதமும் கொழுப்புப் பரிசோதனை எடுக்க வேண்டும்; சிலருக்குக் கெட்ட கொழுப்பு தாறுமாறாக ஏறுகிறது. வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் வரலாம். சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் ஸ்கேன் எடுங்கள். முதல் வாரத்தில் 3 கிலோ குறைந்ததும் குழுவில் படம் போட வேண்டாம். உடம்பில் சேமித்த ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் மூன்று கிராம் போலத் தண்ணீர் ஒட்டியிருக்கும். சேமிப்பு கரைந்ததும் தண்ணீர் வெளியேறுகிறது. ஒரு கல்யாணச் சாப்பாட்டில் அது அத்தனையும் திரும்பிவிடும். அதைப் பார்த்து மனசு விட்டுப்போகிறவர்கள்தான் அதிகம்.

டயட்டுக்கு முன்னால் அவனுக்குச் செய்ய வேண்டியது உறக்கப் பரிசோதனை. குறட்டையின் நடுவே மூச்சு நின்று, திணறி எழுகிறானா என்று ஒரு ராத்திரி கவனியுங்கள். பகலில் வேலை நடுவே தூங்கி வழிகிறானா? அப்படியானால் அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். எந்த டயட்டும் அதன் மீது நிற்காது. தைராய்டு, கல்லீரல், பி.பி. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தனியாருக்குப் போக வசதி இல்லையென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம்.

உணவை மாற்றியும் ஆறு மாதத்தில் 6 கிலோகூட இறங்கவில்லை என்றால், பையனுக்கு மன உறுதி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எடை குறைக்கும் செமாகுளுடைடு ஊசியில் 68 வாரத்தில் சராசரி 15 சதவீதமும், டிர்செபடைடின் உச்ச அளவில் 72 வாரத்தில் 21 சதவீதம் போலவும் எடை குறைந்திருக்கிறது. நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பிவிடும், செலவும் அதிகம். இரண்டையும் தெரிந்துகொண்டு பேச வேண்டிய மருந்துகள். பி.எம்.ஐ. 40-க்கு மேல் என்றால் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையும் எந்த வழிகாட்டுதலிலும் அனுமதிக்கப்பட்ட வழி. 2022-ல் வந்த சர்வதேசப் பரிந்துரை ஆசியருக்கு 27.5-லிருந்தே அதைப் பற்றிப் பேசலாம் என்கிறது. ஆபரேஷன் என்றதும் பயந்துவிட வேண்டாம், அவசரமும் இல்லை. இந்த வழியும் இருக்கிறது என்று அவன் காதில் விழுந்திருக்கட்டும். அடுத்த முறை கேள்வியை அவனே எழுதட்டும்.

உங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அட்டவணை உங்களுக்குச் சொன்ன 200 கிராம் தற்செயலாகச் சரி. 3 முதல் 4 கிலோ குறைந்தால் போதும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு எல்லையில் இருந்த 531 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் மாறியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாக இறங்காமலேயே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். கொலுசு கோக்க உட்கார்ந்தால் நீங்கள் மூன்று மணி நேரம் எழுவதில்லை என்று தாளில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வியாதி பாதி அங்கே இருக்கிறது. மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல் வரை போய் வாருங்கள். மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடங்கள். மற்றவர்களுக்குப் பரிமாறி முடித்து, மிச்சமான சோற்றை வீணாக்கக் கூடாதென்று கடைசியில் வழித்துச் சாப்பிடுகிற பழக்கம் உங்கள் தாளில் இல்லை. ஆனால் எல்லா அம்மாக்களிடமும் அது இருக்கிறது.

சாமை, ஜவ்வரிசி கேள்விக்கு வருவோம். நாத்தனாருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், ஆனால் சாமை கார்போ இல்லாத தானியம் அல்ல. 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சாமையில் 65. நார் கூடுதல், கொஞ்சம் மெதுவாகச் சர்க்கரை ஏறும்; அந்த மட்டில் நல்லது. "சிறுதானியம்தானே" என்று இரண்டு மடங்கு போட்டுக்கொண்டால் அரிசியே தேவலை. டம்ளர் அளவு சாமைக்கும் அதே அளவுதான்.

ஜவ்வரிசியைப் பற்றிச் சேலத்துக்காரர்களிடம் குறை சொல்வது கொஞ்சம் சங்கடம். இந்த மாவட்டத்தின் மரவள்ளி விவசாயம் அதை நம்பித்தான் இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் அது மரவள்ளிக் கிழங்கிலிருந்து நாரையும் மற்றதையும் நீக்கி எடுத்த சுத்தமான மாவு. 100 கிராமில் 88 கிராம் வரை மாவுச்சத்து, புரதம் இல்லவே இல்லை. விரதத்துக்கு ஜவ்வரிசிக் கஞ்சி குடித்துவிட்டு "லைட்டா சாப்பிட்டேன்" என்று சொல்லும் சர்க்கரை நோயாளிக்கு மீட்டர் 280 காட்டுவதில் வியப்பில்லை. வடகமாகப் பொரித்து இரண்டு கடித்துக்கொள்வதோடு நிறுத்துங்கள்.

ஏற்காட்டிலிருந்து ஏதாவது வர வேண்டுமென்றால் பட்டர் ஃப்ரூட் அனுப்பச் சொல்லுங்கள். காபித் தோட்டங்களுக்கு நடுவே விளைகிற அந்தப் பழத்தில் 100 கிராமுக்கு எட்டு, ஒன்பது கிராம்தான் மாவுச்சத்து, அதிலும் முக்கால் பங்கு நார். உப்பும் மிளகும் போட்டு மதியச் சோற்றோடு பாதிப் பழம் சாப்பிடலாம். சர்க்கரையும் பாலும் அடித்து ஜூஸாக்கினால் வீண். அங்கத்துக் கமலா ஆரஞ்சு ஒன்று ஒரு நாளைக்குச் சரி, பிழியாமல் சுளையாக. மல்கோவா வரும் மாதத்தில் உங்கள் வீட்டுக்காரர் கையைக் கட்டிப்போட முடியாது. சோறு எடுக்காத இரவில் நாலு துண்டு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். சோற்றுக்கு மேல் பழம் என்பதுதான் கூடாது.

ஒரே அடுப்பில் மூன்று விதச் சமையல் வேண்டவே வேண்டாம். குழம்பு ஒன்று, பொரியல் இரண்டு, முட்டையோ பயறோ கறியோ ஒன்று, எல்லோருக்கும் பொது. மாறுவது சோறு, இட்லி, சப்பாத்தியின் எண்ணிக்கை மட்டும். மதியம் அவருக்கு, இரண்டாவது படிக்கு வந்தபின், ஒரு டம்ளர் சோறு, உங்களுக்கு ஒன்றேகால், மகனுக்கு ஒன்றரை. ஆமாம், மகனுக்குத்தான் கூடுதல். உடம்பின் செலவு அவனுக்கு அதிகம். பொரியலை முதலில் பரிமாறுங்கள், சோறு பின்னால் வரட்டும். காய்க்கு அம்மாபேட்டை, சூரமங்கலம், தாதகாப்பட்டி உழவர் சந்தைகள் இருக்கின்றன; கீரையும் அவரையும் கொத்தவரையும் வாங்குங்கள், உருளை, சேனை, மரவள்ளி மூன்றையும் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். தாளிக்கிற எண்ணெய்க்கும் அளவு வேண்டும். கார்போ குறைந்தால் நெய் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று அந்தக் குழுவிலேயே யாராவது சொல்வார்கள்.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். அவருடைய சராசரிச் சர்க்கரை, கிரியாட்டினின், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும். மூவரின் இடுப்புச் சுற்றளவு. மகனின் உறக்கப் பரிசோதனை முடிவு. எடையை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் பாத்ரூம் போய் வந்தபின் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு 150 கிராமிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 180-க்கு மேலேயே நின்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். எட்டு வருடம் ஆனவருக்கு மாத்திரை போதாமல் இன்சுலின் தேவைப்படும் காலம் வந்திருக்கலாம். அதற்குச் சோற்றைக் குறை சொல்லிப் பயனில்லை, டாக்டரைப் பாருங்கள்.